துருக்கியில் பத்து நாள்: எதைக் காண்பது, எதை விடுவது?

துருக்கி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்நாட்டின் மலையோ கடலோ அன்று. கருங்குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பிதான். நிக்காஹ் மஜ்லிஸ்களில் எடுத்த பழைய புகைப்படங்களில் நம் பாட்டன்மார் பெருமிதத்துடன் அணிந்திருக்கும் அந்தத் துருக்கித் தொப்பியைத் தேடித் துருக்கிக்குச் செல்பவர் ஏமாந்தே போவார். 1925ஆம் ஆண்டிலேயே அதனை அங்கே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். இன்று அதனை அணிந்து நிற்பவர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கு வேடிக்கை காட்டி ஐஸ்கிரீம் விற்பவராக இருப்பார். நாம் மனத்தில் வைத்திருக்கும் துருக்கி வேறு, போய் இறங்கும் துருக்கி வேறு என்பதற்கு இதுவே முதல் அடையாளம்.

இரண்டாவது அடையாளம் நிலப்படம். நம் மக்களுக்கு இஸ்தான்புல் தெரியும், கொன்யா தெரியும். இரண்டும் ஏதோ மதுரையும் திண்டுக்கல்லும் போல் அருகருகே இருப்பதாக ஓர் எண்ணம். துருக்கியின் பரப்பு ஏறத்தாழ 7,83,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்கு. மேற்கிலிருந்து கிழக்கு எல்லை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளம். வடக்கே கருங்கடல் ஓரத்தில் மழையும் தேயிலைத் தோட்டங்களும். தெற்கே ஒலிவ மரங்களும் வெண்மணல் கரைகளும். நடுவே அனத்தோலியாவின் வறண்ட மேட்டுநிலம். கிழக்கே கோடையிலும் பனி உருகாத 5,137 மீட்டர் உயர அராராத் மலை. ஒரே நாளில் ஓர் ஊரில் சால்வை வேண்டும், இன்னோர் ஊரில் விசிறி வேண்டும். இத்தகைய நாட்டைப் பத்து நாளில் ‘பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று ஒருவர் கிளம்புவது, வெளிநாட்டார் ஒருவர் நம் நாட்டுக்கு வந்து, நாகூர், அஜ்மீர், தாஜ்மஹால், காஷ்மீர் நான்கையும் பத்து நாளில் முடித்துத் தாருங்கள் என்று கேட்பதற்கு ஒப்பாகும். பயணக் கம்பெனிகள் முடித்தும் தருகின்றன. ஆனால் பயணியின் நினைவில் எஞ்சுவது பஸ்ஸின் ஜன்னல்தான்.

எனவே துருக்கி செல்லத் துணிந்த குடும்பம் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது எவ்வெவ்விடங்களைச் சேர்ப்பது என்பதைப் பற்றியன்று. எவற்றை விடுவது என்பதைப் பற்றித்தான். பேச்சு அத்தனை இனிமையாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு விளக்கம். கடமையான ஹஜ் காத்திருக்க உல்லாசப் பயணமா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அல்லாஹ்வின் அருளால் எங்கள் வீட்டில் அந்தக் கடமை நிறைவேறிய பின்னரே, 2024 மே மாதத்தில், எழுபதைக் கடந்த என் உம்மா, மனைவி, மகன், மகள் ஆகியோருடன் இப்பயணத்தை மேற்கொண்டேன். இப்படி ஐவரும் சேர்ந்து இன்னொரு முறை போவது எளிதன்று என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவேதான் எதை விடுவது என்னும் கேள்வி எங்களுக்கு விளையாட்டாக இல்லை.

புறப்படுவதற்கு இரு மாதங்களுக்கு முன்பே ஒவ்வொருவரும் தாம் காணாமல் திரும்ப விரும்பாத ஓர் இடத்தை, ஒன்றே ஒன்றை, சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. உம்மா சற்றும் யோசிக்கவில்லை. “அபூ அய்யூப் நாயகத்துக்கு நேரில் போய் ஒரு ஸலாம் சொல்லணும் தம்பி. எனக்கு அது போதும்” என்றார்கள். மகனுக்குக் கப்படோக்கியாவின் நிலத்தடி நகரம். அரபி எழுத்தணிக் கலையில் ஆர்வம் கொண்ட மகளுக்குப் பூர்ஸா நகரின் பெரிய பள்ளிவாசல். எனக்குக் கொன்யா. மனைவி சொன்ன இடம் உர்ஃபா: நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் பிறந்ததாகவும் நம்ரூதின் நெருப்பில் எறியப்பட்டதாகவும் அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நகரம்.

நிலப்படத்தை விரித்ததும் ஐந்தில் நான்கு ஒரு வழியில் அமைந்தன. இஸ்தான்புல்லுக்குத் தெற்கே கடல் கடந்தால் பூர்ஸா. இஸ்தான்புல்லிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கொன்யா. அங்கிருந்து சாலை வழியே மூன்று, நான்கு மணி நேரத்தில் கப்படோக்கியா. உர்ஃபா மட்டும் தனியே, சிரிய எல்லையருகில், இஸ்தான்புல்லிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கும் அப்பால் நின்றது. விமானம் உண்டு. ஆனால் ஐவருக்குக் கூடுதல் விமானக் கட்டணம், உம்மாவின் முழங்கால், மூன்று நாள் நேரம் என்று கணக்குப் பார்த்தபோது, உர்ஃபாவைச் சேர்த்தால் பூர்ஸாவும் கொன்யாவும் போய்விடும் என்று தெரிந்தது. என் மனைவி நிலப்படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பிள்ளைகளுடையது இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளிக்கூட விடுமுறையான ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் துருக்கிக்கு மிக ஏற்ற பருவம். இது நமக்கு வாய்த்த நற்பேறு. ஆனால் பகல் நீளம். மே மாதத்தில் இஸ்தான்புல்லில் மஃரிப் இரவு எட்டு மணிக்கு மேல். இஷா பத்து மணியை நெருங்கும். பஜ்ரோ நான்கு மணி வாக்கில் வந்துவிடும். தொழுகையைப் பேணும் குடும்பம் லுஹருக்குப் பின் இரண்டு மணி நேர உறக்கத்தைத் திட்டத்திலேயே எழுதிவிடுவது நல்லது. டிசம்பரில் நிலைமை நேர்மாறு; சூரியன் எட்டரை மணியளவில் எழுந்து ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். அப்போது செல்பவர் பாதி இடங்களையே பார்க்க முடியும்.

இஸ்தான்புல்லுக்கு ஐந்து இரவுகள் ஒதுக்கினோம். குறைவென்று தோன்றினாலும், அந்நகரத்துக்குள்ளேயே இன்னொரு முறை கழித்தல் கணக்குப் போட வேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் குவிமாடங்கள். எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து வந்தால் மூன்றாம் நாள் எந்தப் பள்ளி எது என்றே மறந்துவிடும்.

அயா ஸோஃபியாவை விட முடியாது. 537இல் பைஸாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த தேவாலயம். 1453 மே 29 அன்று, இருபத்தொரு வயதே ஆன ஸுல்தான் இரண்டாம் முஹம்மது நகரை வென்றபின் பள்ளிவாசல். 1935 முதல் அருங்காட்சியகம். 2020 ஜூலையிலிருந்து மீண்டும் பள்ளிவாசல். தொழ வருபவர்க்குக் கீழ்த்தளம் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டார் 2024 ஜனவரி முதல் சீட்டு வாங்கிக்கொண்டு மேல்மாடத்திற்குச் செல்கின்றனர். தொழவும் வேண்டும், மேல்மாடத்துப் பழைய பளிங்கு வேலைகளைப் பார்க்கவும் வேண்டும் என்பவர் இரண்டையும் தனித்தனி நேரத்தில் வைத்துக்கொள்க. அந்தக் கூட்டத்தில் முதியவரை அழைத்துச் சென்றால் பஜ்ரு நேரமே உகந்தது.

அதற்கு எதிரேயுள்ள, ஆறு மினாராக்களையுடைய ஸுல்தான் அஹ்மத் பள்ளியையே எல்லாரும் முதலிடத்தில் வைக்கின்றனர். 1616ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்ட அதன் நீல ஓடுகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்று ஒருவர் கேட்டால் ஸுலைமானிய்யாவுக்குப் போங்கள் என்றே சொல்வேன். 1550 முதல் 1557 வரை மிஃமார் ஸினான் கட்டியது. நகரின் குன்றொன்றின் மீது, கீழே பொற்கொம்புக் கழியும் அதற்கப்பால் பாஸ்பரஸ் நீரிணையும் தெரிய நிற்கிறது. தரையிலிருந்து 53 மீட்டர் உயரத்தில் குவிமாடம்; அதைத் தாங்கும் முட்டுச்சுவர்கள் கண்ணை உறுத்தாமல் சுவரோடு சுவராக ஒதுங்கி நிற்கின்றன. எண்ணெய் விளக்குகள் எரிந்த காலத்தில், புகைக்கரி சுவரில் படியாதபடி காற்றோட்டத்தை வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்குத் திருப்பி, அங்கே சேர்ந்த கரியிலிருந்து எழுதும் மை செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பள்ளியைச் சுற்றி மதரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கான சமையற்கூடம், குளியலகம் என ஒரு சிற்றூரே கட்டப்பட்டது. ஸுல்தான் ஸுலைமானின் கப்று தோட்டத்துக்குள் பெரிய மாடத்தில் இருக்கிறது. இத்தனையும் கட்டிய ஸினானின் கப்று வெளியே தெருமுனையில், தேடினால்தான் கிடைக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கிறது. என் மகள்தான் கண்டுபிடித்தாள்.

தோப்கபி அரண்மனைக்கு ஒரு முழு முற்பகல் வேண்டும். செவ்வாய்க்கிழமை அடைத்திருக்கும் என்பதை மறவாதீர்கள். ஸுல்தான்களின் வைரங்களுக்காக வரிசையில் நிற்பவர் நிற்கட்டும். நபி (ஸல்) அவர்களுடைய மேலாடை முதலிய நினைவுப் பொருட்களைப் போற்றிவைத்திருக்கும் அறைகளுக்கு நேரே செல்வது நம்மவர்க்குச் சிறப்பு. அங்கே இடைவிடாது குர்ஆன் ஓதப்பட்டுவருகிறது. பெரிய கடைவீதி ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மற்ற நாட்களில் திறந்திருப்பதை எண்ணிப் பணப்பையைக் கொண்டவர்கள் வருந்துவார்கள்.

உம்மாவின் இடத்துக்கு வருகிறேன். அபூ அய்யூப் அல்-அன்ஸாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் பொற்கொம்புக் கழியின் மேல்முனையில், அவர்கள் பெயரையே கொண்ட எய்யூப் என்னும் பகுதியில் உள்ளது. மேடுபள்ளமான தெருக்களைத் தவிர்த்து, படகிலேயே போய் இறங்கலாம். ஜியாரத்தைப் பற்றி நம்மவரிடையே கருத்து வேற்றுமைகள் உண்டு. அவற்றை இங்கே கிளற நான் விரும்பவில்லை. படகில் உம்மா பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்ததை மட்டும் எழுதுகிறேன். ஹிஜ்ரத்தின்போது நபிகளாரின் ஒட்டகம் நின்று படுத்தது இவர்கள் வீட்டருகே. நபிகளார் கீழ்த்தளத்தில் தங்க, மேல்தளத்தில் தாம் இருப்பதை எண்ணி இவர்கள் கூசினார்கள். ஒருநாள் மேலே தண்ணீர்ப் பானை உடைந்துவிட, கீழே ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாதே என்று, தங்களிடமிருந்த ஒரே போர்வையால் கணவனும் மனைவியுமாகத் துடைத்தெடுத்தார்கள். அப்படிப்பட்டவர் முதுமையில், முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில், கான்ஸ்டான்டினோப்பிள் முற்றுகைக்குப் படையோடு வந்தார்கள். வழியில் நோயுற்று, தம் உடலை எதிரியின் நிலத்தில் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய் அடக்குங்கள் என்று சொல்லி மறைந்தார்கள்.

“அந்த வயசுல மதீனாவிலேருந்து இவ்வளவு தூரமா பாட்டி?” என்றான் என் மகன். “ஏரோப்ளேன் இல்லாமப்பா” என்றார்கள் உம்மா.

முற்றத்தில் பெரிய மரங்கள். கத்னாவுக்கு முன் வெள்ளுடையும் கிரீடமும் அணிவித்து அழைத்துவரப்பட்ட சிறுவர்கள். பட்டுத் தலைத்துணி கட்டிய கிராமத்துப் பெண்கள். உஸ்மானிய ஸுல்தான்கள் பட்டத்துக்கு வந்ததும் வாள் அணிவிக்கப்பட்டதும் இவ்விடத்தில்தான். உம்மா ஸலாம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார்கள். அன்று வேறெங்கும் போவதாக இருந்த திட்டத்தை நாங்கள் அங்கேயே கைவிட்டோம்.

பூர்ஸாவுக்கு ஒருநாள் போதும். படகில் இரண்டு மணி நேரம், பிறகு சிறிது தூரம் பஸ். 1326இல் உஸ்மானியர் கைக்கு வந்து அவர்களது தலைநகரானது. அங்குள்ள பெரிய பள்ளிவாசலை 1396க்கும் 1400க்கும் இடையில் ஸுல்தான் பாயஸீத் கட்டினார். போரில் வென்றால் இருபது பள்ளிகள் கட்டுவதாக நேர்ந்துகொண்டவர், இருபது குவிமாடங்களுடன் ஒரே பள்ளியாகக் கட்டினார் என்பது கதை. பள்ளியின் நடுவே, கூரைக்குக் கீழேயே, ஒளூ செய்யும் நீரூற்று. தொழுகையின் மௌனத்தில் அந்நீரின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். தூண்களிலும் சுவர்களிலும் ஆள் உயரத்துக்கு வரையப்பட்ட எழுத்தணிகள். ஒற்றை ‘வாவ்’ எழுத்தின் முன் என் மகள் தாளை விரித்து உட்கார்ந்தாள். அவளை எழுப்புவதற்குள் திரும்பும் படகு போய்விடுமோ என்றாகிவிட்டது. அருகிலேயே 1491இல் கட்டிய பட்டு வணிகர் விடுதியின் முற்றத்தில், துலிப் மலர் வடிவக் குவளையில் தேநீர் குடித்துக்கொண்டு உம்மா காத்திருந்தார்கள்.

கொன்யாவுக்கு ரயிலில் சென்றோம். மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் 1273 டிசம்பர் 17 அன்று மறைந்த நகரம். ஏறத்தாழ 25,000 ஈரடிகள் கொண்ட மஸ்னவியைத் துருக்கியிலிருந்து பாரசீகத்தில் பாடினார்கள். பச்சை நிறக் கூம்புமாடத்தின் கீழுள்ள அவ்விடம் இன்று சட்டப்படி அருங்காட்சியகமே. 1925இல் துருக்கியெங்கும் ஸூஃபிகளின் தெக்கேக்கள் மூடப்பட்டன. தெக்கே என்னும் அச்சொல் நமக்குப் புதிதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாம் சொல்லும் ‘தைக்கா’வின் உடன்பிறப்புத்தான் அது. சுழன்றாடும் தர்வேஷ்களைக் காணவே கொன்யாவுக்குப் போவோர் டிசம்பரில் நினைவுநாளையொட்டிச் செல்வதே பொருத்தம். மற்ற இடங்களில் இரவு உணவோடு சேர்த்துக் காட்டும் ஆட்டம் என் மனத்துக்கு ஒப்பவில்லை. நகரில் கராதாய் மதரஸாவையும் பார்க்கலாம். 1251இல் கட்டியது; உட்கூரை முழுதும் நட்சத்திரங்கள் போல் ஓடு பதித்திருக்கிறார்கள். ஒரு நாளில் கொன்யா முடிந்துவிடும்.

அங்கிருந்து கப்படோக்கியா போகும் சாலையில் ஸுல்தான்ஹான் என்னும் ஊரில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். 1229இல் ஸெல்ஜூக் ஸுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் கட்டிய வணிகர் சத்திரம். கோட்டை போன்ற சுவர். முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகளின் மேல் உயர்த்தி அமைத்த சிறு பள்ளி. ஒட்டகங்களோடு வரும் வணிகர் எம்மதத்தவராயினும் மூன்று நாட்கள் கட்டணமின்றித் தங்கலாம் என்பது இத்தகைய சத்திரங்களின் வழக்கம். நாங்கள் தங்கிய விடுதிக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார், கட்டணத்தைக் குறைக்கவில்லை.

கப்படோக்கியாவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை; அதன் படங்கள் எல்லா நாட்காட்டிகளிலும் உள்ளன. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையை மழையும் காற்றும் அரித்துக் கூம்புகளாக்கின. மனிதர் அவற்றைக் குடைந்து வீடுகளும் கிறிஸ்தவத் துறவியர் மடங்களும் அமைத்தனர். வெப்பக்காற்று பலூனில் ஏறக் கட்டணம் மிக அதிகம். காற்று பலமாயிருந்தால் விடியற்காலையில் அனுமதி மறுத்துவிடுவார்கள். பஜ்ரு தொழுதுவிட்டு விடுதியின் மொட்டைமாடியில் நின்றால், நூற்றுக்கு மேற்பட்ட பலூன்கள் எழுவதைச் செலவின்றிக் காணலாம். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. டெரின்குயு நிலத்தடி நகரமோ காண வேண்டியதுதான்: ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை தோண்டப்பட்டது, பகைவர் வந்தால் ஊர் முழுதும் உள்ளே இறங்கி, வட்டக் கற்களை உருட்டி வழியை அடைத்துக்கொள்ளும். வழிகளில் குனிந்தே நடக்க வேண்டும். முழங்கால் வலி, மூச்சிரைப்பு உள்ளோர் மேலேயே இருந்துவிடுங்கள்.

நாங்கள் விட்டவை பல. பாமுக்கலேயின் வெண்சுண்ணப் படிக்கட்டுகள், எபேசு நகரின் இடிபாடுகள், திரப்ஸோனின் பசுமை. எபேசுக்கு அருகில் அஸ்ஹாபுல் கஹ்ஃப் உறங்கிய குகை என்று ஒன்றைக் காட்டுவர். தார்ஸூஸிலும் ஒன்று, அஃப்ஷினிலும் ஒன்று, ஜோர்தானிலும் ஒன்று உண்டு. அந்தாக்கியாவில், ஸூரா யாஸீனில் குறிப்பிடப்படும் நல்லடியார் என விரிவுரையாளர்கள் சொல்லும் ஹபீபுந் நஜ்ஜாரின் பெயரால் நின்ற பள்ளி, 2023 பிப்ரவரி 6 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. அந்தப் பேரழிவில் துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழைய வழிகாட்டி நூல்களை நம்பித் தென்கிழக்குக்குச் செல்வோர், எது மீண்டும் எழுந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது அவசியம்.

உணவில் ஹலாலைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. மது விற்கும் விடுதிகள் உண்டு, வாசலிலேயே தெரிந்துவிடும். பருப்புச் சூப்பை உம்மா விரும்பினார்கள், மிளகு போதவில்லை என்றாலும். ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுசெல்க. பெரிய பள்ளிகளில் பெண்களுக்கு இடம் உண்டு. ஒளூ செய்யும் வசதி மட்டும் ஆண்களுக்கு இருப்பது போல் தாராளமாக இராது.

நடக்க வலுவுள்ள இளந்தம்பதியர், அல்லது இரண்டாம் முறை செல்வோர், மேற்கை விட்டுவிட்டு உர்ஃபாவுக்கே நேராகப் பறக்கலாம். நபி இப்ராஹீம் (அலை) பிறந்த ஊர் இராக்கில் என்போரும் உண்டு. உர்ஃபா மக்களோ குகையைக் காட்டி, நெருப்பு நீராயிற்று, விறகு மீனாயிற்று என்று சொல்லும் குளத்தையும் காட்டுவர். அந்த மீன்களை யாரும் உண்பதில்லை. பக்கத்திலேயே கோபெக்லி தெப்பே: 1995 முதல் அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்ட, ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்தூண் வட்டங்கள். தெற்கே ஹர்ரான், தேன்கூடு போன்ற மண்வீடுகள், உமையாக்கள் காலத்துப் பள்ளியின் சிதைந்த மினாரா. ஜூலையில் 40 பாகையைத் தாண்டும் வெயில். ஏப்ரலோ அக்டோபரோ நல்லது. நான்கு நாள் வேண்டும் என்று என் மனைவி கணக்கெழுதி வைத்திருக்கிறார்.